செவிலித்தாய்

பெற்ற தாயை நற்றாய் என்றும், எடுத்து வளர்த்த தாயைச் செவிலித்தாய் என்றும் பழந்தமிழ் நூல்கள் கூறும். சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களில் செவிலிக்கெனத் தனியோர் இடம் உண்டு. தன் மகளின் முகம் வாடியிருத்தலைக் கண்டு கவலுபவள் அவள். அவள் உண்ணாமையையும் உறங்காமையையும் நோக்கிக் காரணம் ஆராய்பவளும் அவளே. இக்காலத்தில் மருத்துவமனைகளில் நோயுற்றாரைப் பேணுவோர் செவிலியர் என்று அழைக்கப்படுகின்றனர். இப்பெயர் மிகவும் பொருத்தமானது. உள்ளத்திலும் அறிவிலும் நடத்தையிலும் குறையுற்ற குழந்தைகளைப் பேணுவோர்க்கு இது இன்னும் பொருந்தும். அக்குழந்தைகளுள் பலர் தம் துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல அறியார். சொல்லாததைப் பார்த்தறியும் கண்ணும், பொறுத்திருக்கும் நெஞ்சும் உடையவரே அவர்களைப் பேண வல்லவர்.

உடலில் தோன்றும் நோயை எளிதில் அறியலாம். காய்ச்சலை வெப்பமானி காட்டும். முறிந்த எலும்பை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டும். ஐந்து வயதாகியும் பேசாத குழந்தையின் குறை எங்குள்ளது? ஓரிடத்தில் நில்லாது ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தையை ஓடச் செய்வது எது? எவரோடும் சேராது மூலையில் அமர்ந்து தன் கையையே நோக்கிக்கொண்டிருக்கும் குழந்தை எதனைக் காண்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை அறியாத மக்கள், பிடிவாதம் என்றனர். பேய் பிடித்தது என்றனர். முன்வினைப் பயன் என்றும் சொல்லி ஒதுக்கினர். குழந்தையை அடித்தவரும் உண்டு. அறையில் பூட்டியவரும் உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு நாட்டில் இளம் மருத்துவர் ஒருவரும் எளிய அம்மையார் ஒருவரும் இதற்கு மாறான வழியில் நடந்தனர். அவர்கள் கதை அறியத்தக்கது.

பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் அவேரோன் என்பது ஒரு மாவட்டம். 1800-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கடுங்குளிர்க் காலத்தில், அம்மாவட்டத்துச் சேன் செர்னேன் என்னும் ஊரில் ஒரு சிறுவன் பிடிபட்டான். அவனுக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு வயது இருக்கலாம். கந்தலான சட்டை ஒன்றைத் தவிர அவன் உடலில் ஆடை இல்லை. வாயில் பேச்சு இல்லை. காட்டில் கிழங்கும் கொட்டையும் தின்று நெடுநாள் தனித்து வாழ்ந்தவன் அவன். உடலெங்கும் தழும்புகள் இருந்தன. அவற்றுள் ஒன்று தொண்டையின் குறுக்கே நீண்டு கிடந்தது. யாரோ அவனைக் கொல்ல முயன்று காட்டில் எறிந்திருத்தல் கூடும் என்று கண்டோர் கருதினர். அவன் பெற்றோர் யார் என்பது இறுதிவரை தெரியவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அவனைப் பாரிசு நகரத்துக்குக் கொண்டுவந்தனர். அங்கே காது கேளாதோர்க்கென அரசு நடத்திய பள்ளியில் அவன் சேர்க்கப்பட்டான். 'காட்டுச் சிறுவனைக்' காண மக்கள் திரள் திரளாக வந்தனர். வந்தவர்கள் கண்டது என்ன? அழுக்குப் படிந்த உடல். ஓயாது முன்னும் பின்னும் அசையும் அசைவு. நெருங்குவோரைக் கடிக்கும் பல். விலங்கைக் காண்பதுபோல் கண்டு, வியந்து, வெறுத்து, அவர்கள் அகன்றனர். பினேல் என்பவர் அக்காலத்தில் மனநோய் மருத்துவத்தில் தலைசிறந்தவர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணிக்கும் கொடுமையை எதிர்த்தவர். அவரே அச்சிறுவனை ஆராய்ந்து, இவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், இவனைத் திருத்த இயலாது என்று முடிவு கூறினார்.

அப்பள்ளிக்கு அவ்வாண்டின் இறுதியில் ஒரு மருத்துவர் அமர்த்தப்பட்டார். அவர் பெயர் இத்தார். அப்போது அவருக்கு வயது 26. பெரியவரின் முடிவை அவர் மதித்தார், ஆயினும் ஏற்கவில்லை. மக்களோடு வாழாமையே சிறுவனின் நிலைக்குக் காரணம், மக்களிடையே வாழச் செய்தால் அவன் மாறுவான் என்பது அவர் எண்ணம். அதற்கு மருந்து போதாது, பள்ளிப்பாடமும் போதாது, நாள் முழுதும் உடனிருக்கும் ஒருவர் வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்தார். அப்பணிக்கு வந்தவர் கெரேன் அம்மையார்.

கெரேன் அம்மையார் மருத்துவம் பயின்றவர் அல்லர். செவிலியர்க்கென்று பயிற்சிப் பள்ளிகள் தோன்றாத காலம் அது. அவர் அறிந்ததெல்லாம் இல்லறம் ஒன்றே. அந்த இல்லறமே சிறுவனுக்கு மருந்தாயிற்று. அவனுக்கு விருப்பமான உணவை வேண்டிய அளவு அளித்தார். உறக்கம் வந்தபோது உறங்கவிட்டார். மழையும் பனியும் பாராது திறந்தவெளிக்கு நாள்தோறும் அழைத்துச் சென்றார். காட்டில் வாழ்ந்தவனைத் திடீரென நாற்காலியில் அமர்த்திப் பாடம் சொல்ல முயன்றிருந்தால், அவன் உள்ளம் இன்னும் இறுகியிருக்கும். அவனுடைய பழைய வாழ்வில் அவனுக்கு இன்பமாயிருந்தவற்றை முதலில் மதித்து, பின்னர்ச் சிறிது சிறிதாகப் புதியவற்றைச் சேர்த்தல் வேண்டும் என்பது இத்தார் வகுத்த முறை. அம்முறைக்கு உயிர் கொடுத்தவர் அம்மையார்.

தொடக்கத்தில் சிறுவனுக்கு வெப்பமும் குளிரும் ஒன்றாகவே இருந்தன. கொதிக்கும் நீரிலிருந்து உருளைக்கிழங்கைக் கையால் எடுத்துத் தின்பான். பனியில் ஆடையின்றிப் புரளுவான். அவன் அருகில் துப்பாக்கி வெடித்தாலும் திரும்பிப் பாரான். கண்டவர்கள் அவனைச் செவிடன் என்றனர். ஆனால் அவனுக்குப் பின்னால் மெல்ல ஒரு வாதுமைக் கொட்டையை உடைத்தால், உடனே தலையைத் திருப்புவான். இதனை இத்தார் கூர்ந்து நோக்கினார். செவி கேட்கின்றது, தனக்குப் பயன்படும் ஓசையை மட்டும் உள்ளம் ஏற்கின்றது என்பதை அவர் கண்டறிந்தார். குறை எது, குறைபோலத் தோன்றுவது எது எனப் பிரித்தறியும் இத்தகைய கூர்நோக்கே பேணுதற்கு முதற்படியாகும்.

நாள்தோறும் சில மணி நேரம் அவனை வெந்நீரில் நீராட்டினர். சில திங்களில் அவன் தோல் உணர்வு பெற்றது. நீர் போதிய சூடாக உள்ளதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் இறங்க மறுத்தான். குளிரை உணர்ந்தவுடன் ஆடையின் பயனையும் உணர்ந்து, தானே உடுத்தத் தொடங்கினான். ஆடை உடுக்குமாறு ஆயிரம் முறை கட்டளையிட்டிருந்தாலும் வராத பழக்கம், தேவையை உணர்ந்தபோது தானே வந்தது. 'ஓ' என்னும் ஒலியைக் கேட்டால் அவன் திரும்பிப் பார்த்தான். ஆகவே அவ்வொலி அமைந்த விக்தோர் என்னும் பெயரை அவனுக்கு இட்டனர். பெயரற்ற உயிர் பெயர் பெற்றது.

பேச்சுப் பயிற்சியோ எளிதில் கைகூடவில்லை. பால் என்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை விக்தோர் கற்றான். ஆனால் பால் வேண்டும்போது அதனைச் சொல்லவில்லை. பால் கிண்ணத்தில் விழும்போது மகிழ்ச்சியால் சொன்னான். இத்தார் மனம் தளர்ந்தார். பின்னர் எழுத்து வடிவங்களைத் தனித்தனியே செய்து அவன் கையில் கொடுத்து, பாலைக் குறிக்கும் நான்கு எழுத்துகளை அடுக்கக் கற்பித்தார். ஒரு வாரம் கழிந்தது. மாலையில் அம்மையாரோடு வெளியே சென்று, வழக்கமாகப் பால் அருந்தும் வீட்டை அடைந்தான் விக்தோர். அங்கே தன் பையிலிருந்து அந்நான்கு எழுத்துகளையும் எடுத்து, மேசைமேல் முறையாக அடுக்கி வைத்தான். புறப்படும்போதே யாரும் சொல்லாமல் அவற்றை எடுத்து வைத்திருந்தான்! வாய் பேசாத சிறுவன் கையால் பேசிய நாள் அது.

இத்தாரின் செயல்கள் அனைத்தையும் புகழ்தற்கில்லை. பாடத்தில் சலிப்புற்று விக்தோர் வெறிகொண்டு தரையில் புரண்ட ஒரு நாளில், உயரத்தைக் கண்டு அஞ்சும் அவன் இயல்பை அறிந்த அவர், அவனை மாடிச் சன்னலுக்கு வெளியே தலைகீழாகப் பிடித்து அச்சுறுத்தினார். சிறுவன் நடுங்கி அடங்கினான். மீண்டும் பாடத்துக்கு வந்தான். பின்பு படுக்கையில் விழுந்து கண்ணீர் விட்டான். இதனை இத்தாரே மறையாது எழுதி வைத்துள்ளார். அடங்கியதைக் கண்டு அவர் நிறைவுற்றார். ஆனால் அச்சத்தால் வரும் அடக்கம் நலம் ஆகாது. அச்சுறுத்திப் பணியவைத்தலை இன்றைய செவிலியர் அறம் முற்றிலும் விலக்குகின்றது. நல்லெண்ணம் உடையவரும் பொறுமை இழந்தால் கொடுமை செய்யக் கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கையாக நிற்கின்றது.

ஒருமுறை விக்தோர் வீட்டை விட்டு ஓடிவிட்டான். காவலர் அவனைப் பிடித்து, யாரென்று அறியாமல், அலைந்து திரிவோரை அடைக்கும் இடத்தில் வைத்திருந்தனர். சில நாள்களுக்குப் பின் அம்மையார் அவனை அழைத்துவரச் சென்றார். அவரைக் கண்ட அளவில் விக்தோரின் முகம் வெளுத்தது. ஒரு நொடி உணர்விழந்தான். அம்மையார் அவனை அணைத்துத் தடவிக் கொடுத்தார். அவன் கண் விழித்து, கைகளை இறுக மூடித் திறந்து, உரக்க ஒலியெழுப்பித் தன் மகிழ்ச்சியைக் காட்டினான். கண்டவர்க்கு, ஓடிப்போனவனைக் காவலாள் மீட்கும் காட்சியாக அது தோன்றவில்லை. பிரிந்த மகன் தாயை அடைந்த காட்சியாகவே தோன்றியது.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் உருக்கமானது. உணவு நேரத்தில் மேசைமேல் தட்டுகளை வைப்பது விக்தோரின் வேலை. அம்மையாரின் கணவர் நோயுற்று வேறிடத்தில் இருந்தார். அதனை அறியாத விக்தோர் நாள்தோறும் அவருக்கும் தட்டு வைத்தான். நாள்தோறும் அதனை எடுக்கச் செய்தனர். அவர் இறந்துவிட்டார். அன்றும் வழக்கம்போல் அவருக்குத் தட்டு வைத்தான். அதனைக் கண்ட அம்மையாரின் துயரம் பெருகியது. விக்தோர் அவரைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். தன் செயலால் அவர் வருந்துகின்றார் என்பதை உணர்ந்து, அத்தட்டை மெல்ல எடுத்து உரிய இடத்தில் வைத்தான். அதன்பின் ஒருபோதும் அதனை அவன் மேசைக்குக் கொண்டுவரவில்லை. பிறர் துன்பத்தை உணரும் நெஞ்சு அவனிடம் இருந்தது. அதனைப் பாடம் சொல்லிக் கற்பித்தவர் எவரும் இல்லை. அன்போடு உடன் வாழ்ந்தவரிடமிருந்து அவன் பெற்றது அது.

இத்தார் 1801-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையும், 1806-ஆம் ஆண்டில் மற்றோர் அறிக்கையும் எழுதினார். விக்தோர் பல சொற்களைக் கண்ணால் அறிந்தான்; பொருள்களைச் சொல்லோடு பொருத்தினான்; வீட்டு வேலைகளைச் செய்தான். ஆனால் பேசக் கற்கவில்லை. அவனுக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு இருந்திருக்கலாம் என்று இக்காலத்து அறிஞர் சிலர் கருதுகின்றனர்; தனிமையே அவன் பேச்சைக் கெடுத்தது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், எண்ணியது நிறைவேறாமையால் இத்தாரின் பயிற்சி நின்றது. பாரிசு மக்களும் காட்டுச் சிறுவனை மறந்தனர்.

கெரேன் அம்மையார் மறக்கவில்லை. 1811-ஆம் ஆண்டில் விக்தோர் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தபோது, அருகிலிருந்த ஒரு சிறு வீட்டில் அவனைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவன் இனிப் பேசமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவனால் புகழ் வராது என்பதும் தெரியும். ஆயினும் 1828-ஆம் ஆண்டில் விக்தோர் இறக்கும்வரை அவன் அவருடைய காப்பிலேயே இருந்தான். நோய் தீரும் என்னும் நம்பிக்கையால் பேணுவோர் பலர். தீராது என்று அறிந்த பின்னும் பேணுதலே செவிலிமையின் உச்சி. குணப்படுத்துதல் எப்போதும் மனிதர் கையில் இல்லை. பேணுதல் எப்போதும் மனிதர் கையில் உள்ளது.

தோல்வி எனக் கருதப்பட்ட அம்முயற்சி வீண்போகவில்லை. இத்தாரின் முதுமையில் செகேன் என்னும் இளைஞர் அவரிடம் வந்தார். 1837-ஆம் ஆண்டில் இத்தாரின் வழிகாட்டுதலோடு அறிவுத்திறன் குன்றிய ஒரு குழந்தைக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். கை, கண், செவி, நடை இவற்றைப் பயிற்றுவித்து, அவ்வழியே அறிவை எழுப்பும் முறையைச் செகேன் விரிவாக்கினார். பின்னர் அமெரிக்க நாட்டுக்குச் சென்று அங்கும் பரப்பினார். 1896-ஆம் ஆண்டில் உரோமாபுரியில் மருத்துவப் பட்டம் பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார், அந்நகர மனநோய் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளைக் கண்டு வருந்தினார். அவர்களுக்கு உதவும் வழியைத் தேடி, இத்தார், செகேன் ஆகிய இருவரின் நூல்களையும் தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதிப் பயின்றார். அவரிடம் பயின்ற குறையுற்ற குழந்தைகள் எழுதவும் படிக்கவும் கற்றனர். அம்முறையை 1907-ஆம் ஆண்டில் உரோமாபுரியின் ஏழைக் குழந்தைகளுக்கும் அவர் பயன்படுத்தினார். 1939-ஆம் ஆண்டில் அவ்வம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். விக்தோரின் கையில் அன்று வைத்த எழுத்துகளின் பயன், கடல் கடந்து தமிழ்நாட்டுக் குழந்தைகளையும் அடைந்தது.

இன்று குழந்தை மனநலம் மருத்துவத்தின் தனித்துறையாக வளர்ந்துள்ளது. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கவனக்குறைவும் மிகைச்செயலும் கூடிய குறைபாடு, கற்றல் குறைபாடு, மனப்பதற்றம், மனச்சோர்வு என நோய்களும் குறைபாடுகளும் பிரித்தறியப்படுகின்றன. அக்குழந்தைகளைப் பேணும் செவிலியர், அன்று கெரேன் அம்மையார் இயல்பாகச் செய்தவற்றை இன்று அறிவோடு கூடிய முறையாகச் செய்கின்றனர்.

முதலாவது, கூர்ந்து நோக்குதல். ஒரு குழந்தை வீறிட்டு அழுதால், அதற்குமுன் நிகழ்ந்தது யாது, குழந்தை செய்தது யாது, பின்னர் நிகழ்ந்தது யாது என மூன்றையும் செவிலியர் குறித்து வைப்பர். மின்விசிறியின் ஓசை பொறாமல் அழுவதுண்டு. பல்வலியைச் சொல்ல அறியாமல் தன் தலையை அடித்துக்கொள்வதும் உண்டு. காரணம் அறிந்தால் பிடிவாதம் என்னும் பழி நீங்கும். இரண்டாவது, மாறாத ஒழுங்கு. உணவு, நீராட்டு, விளையாட்டு, உறக்கம் ஆகியவை நாள்தோறும் ஒரே வரிசையில் அமையும்போது குழந்தையின் அச்சம் குறையும். இயன்றவரை தெரிந்த ஒருவரே உடனிருத்தல் நலம். மூன்றாவது, சிறுகச் சிறுகக் கற்பித்தல். பல் துலக்குதலைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படி முடிந்ததும் உடனே பாராட்டுவர். பேச இயலாதார்க்குப் படங்கள் வரைந்த அட்டைகளைக் கொடுப்பர். தண்ணீர்ப் படத்தை எடுத்துக் காட்டும் குழந்தை, பால் எழுத்துகளை அடுக்கிய விக்தோரின் வழியில் வந்ததே ஆகும். நான்காவது, மருந்தின் விளைவை அறிதல். கவனக்குறைவுக்குத் தரும் மருந்துகள் சில, பசியைக் குறைக்கும். ஆதலால் எடையையும் உயரத்தையும் உறக்கத்தையும் செவிலியர் கணக்கிட்டு மருத்துவர்க்கு உணர்த்துவர்.

இளம்பருவத்தார் மனச்சோர்வுற்று, வாழ்வில் வெறுப்புத் தோன்றப் பேசினால், அதனை விளையாட்டாகக் கொள்ளாது, இகழாது, செவிலியர் அமைதியாகக் கேட்பர். அவரைத் தனியே விடாது உரியவர்க்கு உணர்த்துவர். வகுப்புத் தோழன் ஒருவன் அவ்வாறு பேசக் கேட்ட மாணவனும் அதனைத் தன்னுள் மறைத்து வையாது, ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே சொல்லுதல் கடமையாகும். அது காட்டிக்கொடுத்தல் ஆகாது, காத்தலே ஆகும்.

செவிலியர் பேணுதல் குழந்தையோடு நில்லாது, குடும்பத்தையும் தழுவும். என் வளர்ப்பில் பிழையோ என்று தம்மைத் தாமே நொந்துகொள்ளும் தாய்மார் பலர். ஆட்டிசம் போன்ற குறைபாடுகள் தாயின் வளர்ப்புப் பிழையால் வருவன அல்ல என்பது இன்று தெளிவாகியுள்ளது. இதனைச் செவிலியர் எடுத்துரைக்கும்போது பெரும்பாரம் ஒன்று அத்தாயின் நெஞ்சிலிருந்து இறங்குகின்றது. இந்திய நாட்டில் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. இக்குழந்தைகள் பெறுவது இரக்கத்தால் வழங்கும் கொடை அன்று. அது அவர்களுக்குரிய உரிமை.

சட்டம் உரிமையைத் தரும். மருத்துவம் மருந்தைத் தரும். குழந்தையின் அருகில் அமர்ந்து, அதன் முகத்தை நோக்கி, அதன் மௌனத்தைப் படிக்க ஒருவர் வேண்டும். பெரிய அறிஞர் கைவிட்ட சிறுவனை இளம் மருத்துவர் ஏற்றார். அவரும் களைத்துப் பயிற்சியை நிறுத்தியபின் எளிய அம்மையார் ஒருவர் அவனைத் தாங்கினார். இத்தார் எழுதிய அறிக்கைகளால் உலகம் பயன் பெற்றது. கெரேன் அம்மையார் நூல் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் ஒரு மனித உயிர் அன்புக்கு ஏங்கியபோது அதற்கு வீடாக இருந்தார். செவிலித்தாய் என்னும் தமிழ்ச்சொல்லின் பொருள் அவர் வாழ்வில் முழுமையாக விளங்குகின்றது.